முதலில் கூரையைப் பாரும்

அன்புள்ள தங்கைக்கு,

மொறட்டுவையில் கட்டடக்கலை படித்து முடித்து, யாழ்ப்பாணத்திலேயே தொழில் செய்வதென்று முடிவெடுத்திருக்கிறீர். உம்மிடம் வருகிற வேலைகளில் ஒரு வகை திரும்பத் திரும்ப வரும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற ஒருவர் காணியின் படத்தை அனுப்பி, "எங்கட பழைய நாற்சார் வீடு மாதிரி ஒண்டு வரைஞ்சு தாங்கோ" என்று கேட்பார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். விட்டுப்போன மண்ணில் தன் வீட்டின் சாயலைத் திரும்பவும் நிறுத்த நினைப்பவரிடம் குறை காண எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு இப்போது வழக்கமாகக் கிடைக்கிற பதில் எனக்குக் கவலை தருகிறது. நடுவில் ஒரு முற்றம், சுற்றி விறாந்தை, வாசலில் திண்ணை, மரத்தின் நிறம் பூசிய கொங்கிறீற் தூண்கள், மேலே கொங்கிறீற் தட்டு, அந்தத் தட்டின்மேல் பார்வைக்கு ஒட்டிய ஓடு. இதை நாற்சார் வீடு என்று பெயரிட்டு வாடிக்கையாளரிடம் கொடுக்கிறோம். அந்த வீட்டின் உயிர் இருந்த இடம் கூரைச் சட்டம். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொள்கிறோம். நீர் வரையத் தொடங்குவதற்கு முன்னர் இதை உமக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் நோக்கம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். சார் என்பது சாய்ந்து இறங்குகிற சார்பு. நான்கு சார்புகள் ஒரு முற்றத்தைப் பார்த்து இறங்குவதால் அது நாற்சார். முற்றத்தின் பெயரால் அல்லாமல் கூரையின் பெயரால்தான் எங்கள் ஆட்கள் அந்த வீட்டை அழைத்தார்கள். ஏன் நான்கு சார்பு, ஏன் ஒரே பெரிய கூரை இல்லை என்று கேட்டால், வெயிலும் காற்றும் பாதிக் காரணம். மற்றப் பாதி பனையில் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களைப் பிரிக்கும்போது, வயிரம் வெளியே இருப்பதைப் புல் என்ற வகையிலும், உள்ளே இருப்பதை மரம் என்ற வகையிலும் சேர்த்தது. அந்தக் கணக்கில் பனை ஒரு புல். தச்சருக்கு இதைவிட உபயோகமான பாகுபாடு வேறில்லை. ஓக்கு, தேக்கு, முதிரை போன்றவற்றுக்கு வயிரம் நடுவில் இருக்கிறது. வெளியிலுள்ள வெள்ளையைச் செதுக்கித் தள்ளினால் சதுரமான, பருத்த, நீண்ட உத்தரம் கிடைக்கும். பனைக்கு நடுவில் இருப்பது சோற்றி. கறுத்து இறுகிய நார் முழுவதும் வெளிச்சுற்றில், அதுவும் அடிமரத்தில்தான் கூடுதலாக இருக்கிறது. உச்சிக்குப் போகப் போக அது மெலிந்துவிடும். பனை வயது ஏற ஏறப் பருத்துக்கொண்டு போவதில்லை, வெளிச்சுற்று இறுகிக்கொண்டு போகிறது. ஆகவே முதிர்ந்த பனையைத் தறித்து, நெடுக்காகப் பிளந்து, உட்புறத்துச் சோற்றியைச் செதுக்கி எடுத்தால் கைக்கு வருவது ஒடுங்கிய, நீளத்தில் எல்லையுள்ள, ஆனால் இரும்பைப் போல விறைத்த கைமரம். அகலமான பலகையும் கனத்த உத்தரமும் அதிலிருந்து வரவே வராது.

இனி வீட்டைப் பாரும். யாழ்ப்பாணத்தில் காடு இல்லை, வற்றாத ஆறு இல்லை, மலை இல்லை. நிலத்துக்கு அடியில் சுண்ணக்கல், நிலத்துக்கு மேலே பனை. சுவர் கல்லிலும், சுட்டு எடுத்த சுண்ணாம்பிலும் எழுந்தது. கதவு, நிலை, தூண் என்று கண்ணுக்குத் தெரிகிற இடங்களுக்கு வன்னியிலிருந்து முதிரையும் பாலையும் வந்தன. வளவிலேயே நின்ற வேம்பும் பலாவும் கூட உதவின. கூரைக்குப் பனை. பனங்கைமரம் எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவுதான் அறையின் அகலம். அதைவிடக் கூட இடம் வேண்டுமென்றால் கைமரத்தை நீட்ட முடியாது; இன்னொரு வரிசைத் தூணை நட்டு, இன்னொரு சார்பை இறக்க வேண்டும். ஒடுங்கிய அறை, அதன்முன் விறாந்தை, விறாந்தைக்குத் தூண், தூணுக்கு அப்பால் முற்றம் என்ற அந்த ஒழுங்கு இப்படித்தான் உண்டாகிறது. வரைபடத்தில் நாம் அழகென்று ரசிக்கிற ஒழுங்கு, பனையின் அடிமரம் போட்ட கணக்கு. இந்த மரத்தின் மதிப்பு வெளியாருக்கும் தெரிந்திருந்தது. 1697இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தக் கொமாந்தராக இருந்த சுவார்தெக்ரூன் தனக்குப் பின்வருபவர்களுக்கு எழுதி வைத்த குறிப்பிலேயே, கொம்பனிக்குத் தேவையான பொருளாகப் பனைமரம் பேசப்படுகிறது. கண்டிக்கு அருகிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்கள் ஒரே மர ஆப்பில் வந்து சேர்கிற மடொல் குருபாவ என்ற பொருத்து இருக்கிறது; பார்க்கிறவரை நிற்க வைக்கிற வேலை அது. எங்கள் கூரையில் அப்படிக் காட்டுவதற்கென்று ஒன்றும் இல்லை. அதனால்தான் அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன்.

ஓரிடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். முற்றத்தின் தாவாரத்தில், கைமரங்களின் கால் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நான்கு சார்பிலிருந்தும் வடிகிற தண்ணீர் முழுவதும் அந்த நுனிகளைக் கடந்துதான் பீலிக்கோ முற்றத்துக்கோ விழுகிறது. இரண்டு சார்பு சந்திக்கிற உள்மூலையில் அது இன்னும் மோசம். ஆகவே பனங்கூரை உக்கத் தொடங்கும்போது அங்கிருந்துதான் தொடங்கும். நுனியில் நார் பிரிந்து தும்பாகும், பிறகு நிறம் மங்கும், நகத்தால் அழுத்தினால் இறங்கும். ஒரு முழம் உள்ளே போனால் அதே கைமரம் கறுத்து, உளியை மறிக்கும். தச்சர் என்ன செய்வார்? ஓட்டை அந்த வரிசையில் மட்டும் கழற்றி, உக்கின நுனியை வெட்டிவிட்டு, புதுத் துண்டொன்றைச் சாய்வாகப் பொருத்தி இறுக்குவார். அல்லது அந்த ஒரு கைமரத்தை மட்டும் உருவி எடுத்து வேறொன்றை ஏற்றுவார். பக்கத்துக் கைமரத்துக்கு அது தெரியாது. வீட்டில் இருக்கிறவர்கள் அந்த ஒரு பக்கத்து விறாந்தையை இரண்டு நாள் விட்டுக்கொடுத்தால் போதும். துண்டு துண்டாகக் கழற்றித் துண்டு துண்டாக மாற்றக்கூடிய வீடு இது. நாற்சார் வீட்டைப் பற்றி நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்: அது நீடித்தது உறுதியால் மட்டுமல்ல, திருத்த இடம் கொடுத்ததால்.

இது எங்களுக்கு மட்டும் உரிய ஞானம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் லிட்டில் மோர்ட்டன் ஹோல் என்ற ஒரு வீடு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பிய மரச்சட்ட வீடு. சுவரே ஓக்குச் சட்டம். சட்டங்களுக்கு இடையில் உள்ளதெல்லாம் வெறும் நிரப்பு. பின்னர் ஒரு தலைமுறையில் அதன் உச்சியில் ஒரு நீண்ட மாடத்தை ஏற்றி, கனத்த கற்பலகைகளால் கூரை போட்டார்கள். பாரம் தாங்காமல் கீழிருந்த சட்டங்கள் வளைந்து, மாடிகள் நெளிந்து, வீடு முழுவதும் சரிந்த மாதிரி நிற்கிறது. ஆனால் நிற்கிறது. மரம் வளைந்து காட்டும், முறிவதற்கு முன்னர் அவகாசம் தரும். அந்த நாட்டுத் தச்சர்கள் சட்டத்தை நிலத்தில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு பொருத்துக்கும் எண் கீறி, பிறகு கழற்றி எடுத்துப்போய் நிமிர்த்தினார்கள். அந்தக் கீறல்களை இன்றும் பழைய வீடுகளில் பார்க்கலாம். 1877இல் வில்லியம் மொறிஸ் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியபோது, பழசைப் பளபளப்பாக்கிப் புதுசாகக் காட்ட வேண்டாம், உக்கினதை மட்டும் திருத்தி மற்றதை விட்டுவிடுங்கள் என்பதே அதன் கொள்கை. ஓக்கு அகத்தில் வயிரம் உள்ளது, பனை புறத்தில். அங்கே சட்டம் சுவரில் தெரிகிறது, இங்கே கூரைக்குள் ஒளிந்திருக்கிறது. திருத்துகிற முறை மட்டும் ஒன்று.

உம்முடைய வாடிக்கையாளர் முதலில் சொல்லப்போகிற மறுப்பு எனக்குத் தெரியும். கொங்கிறீற் போட்டால் ஒருதரம் போட்டதோடு வேலை முடிந்துவிடும், கறையான் வராது, ஓடு மாற்றத் தேவையில்லை. இந்த நம்பிக்கை எங்களிடையே வேரூன்றியதற்குக் காரணம் இருக்கிறது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை தொடங்கியது. அது 1990 வரை இயங்கியது. சுண்ணாம்புச் சூளைக்குப் போன அதே கல் ஆலைக்குப் போனது, சீமெந்து வீட்டு வாசலில் கிடைத்தது. வசதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மழைக்கு ஒழுகாத வீட்டுக்குள் முதல்முறையாகப் படுத்தது அதனால்தான். ஆனால் கடற்காற்று எந்தப் பக்கத்திலிருந்தும் எட்டுகிற குடாநாட்டில் கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பிக்கு உப்பு ஒரு நிரந்தர எதிரி. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். கீழ்ப்பக்கம் பொருக்கு விழத் தொடங்கிய தட்டை இந்த ஊரில் எத்தனையோ இடத்தில் காணலாம். அந்தத் தட்டில் ஒரு கைமரத்தை மட்டும் உருவுவது போல ஒரு கம்பியை மட்டும் உருவ முடியாது. பழைய சுவருக்குச் சீமெந்து பூசினால் இன்னொரு கேடு: சுண்ணக்கல் உறிஞ்சுகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, சுவருக்குள் பதிந்த மர நுனிகளை உக்க வைக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். எனவே பழைய வீடு ஒன்றைத் திருத்தக் கொடுத்தால், மரத்தில் கை வைப்பதற்கு முன்னர் சுவரின் சீமெந்துப் பூச்சைக் கவனியும். கறையானைப் பற்றிச் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது விரும்பிப் போகிற இடம் சோற்றி. வயிரத்தை அது எளிதில் தொடாது. சோற்றியைச் சரியாகச் செதுக்காமல் இளம் பனையில் கைமரம் போட்டுவிட்டு மரத்தைப் பழி சொல்லுகிறோம்.

இரண்டாவது மறுப்பு இதைவிடப் பாரமானது. பனை எங்கே? போர்க்காலத்தில் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தோப்புத் தோப்பாகத் தறித்தார்கள். ஷெல் விழுந்து வட்டுப் போன மொட்டைப் பனைகள் எத்தனையோ. கைமரத்துக்கு உதவுகிற மரம் ஒரு மனிதனின் ஆயுளளவு நிற்க வேண்டும். இருப்பதையும் வீட்டுக் கூரைக்குத் தறித்தால் அது கலையா, கொள்ளையா என்று ஒருவர் உம்மைக் கேட்டால் அவர் கேட்பது நியாயம். அதனால்தான் புதிய வீடு ஒவ்வொன்றையும் பனங்கூரையில் கட்டும் என்று நான் சொல்லவில்லை. தறித்த பனைகளின் மிகப் பெரிய சேமிப்பு இப்போதைக்கு எங்கள் பழைய கூரைகளுக்குள்ளேதான் இருக்கிறது. ஒரு வீட்டை இடிக்கும்போது அந்தக் கைமரங்கள் விறகுக்குப் போகின்றன. இடிக்கிறவரிடம் அதைக் கேட்டு வாங்கி, நுனி வெட்டி, நீளம் குறைந்த சார்புக்கு மாற்றிப் பாவிக்க முடியும். பனங்கூரை தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் வீடு விட்டு வீடு மாறியது. புது வீட்டுக்கு வேறு மரம், ஏன், இரும்பு கூடப் பாவியும். ஆனால் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகக் கழற்றக்கூடியதாக வையும். பனையைக் கைவிட்டாலும் பனை கற்பித்த அந்த முறையைக் கைவிட வேண்டாம். பூட்டிக் கிடக்கப்போகிற வீட்டுக்கு இது பொருந்தாது என்பதையும் நேரே சொல்லிவிடும். வருஷத்துக்கு ஒருதரமாவது ஏறிப் பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒரு ஓடு விலகினால் போதும், மூன்று மாரியில் ஒரு சார்பு போய்விடும்.

மூன்றாவது மறுப்பை நீர் உம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நாற்சார் வீடு யாருடைய வீடு? காணியும் காசும் சாதியும் சேர்ந்திருந்தவர்களின் வீடு. யார் படலையோடு நிற்பது, யார் முற்றம் வரை வரலாம், யார் திண்ணையில் இருக்கலாம், யாருக்குச் செம்பில் தண்ணீர், யாருக்குச் சிரட்டையில் என்பதையெல்லாம் அந்தத் தரைப்படம் ஒவ்வொரு நாளும் நடத்திக் காட்டியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தில் கோயில் மறித்த அதே ஆட்களை இந்த வீடுகளும் மறித்தன. இதை மறைத்துவிட்டு "எங்கள் மரபு" என்று ஏக்கத்தோடு எழுதுகிற எழுத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த உண்மையைக் கடைசி வரை யோசித்துப் பார்த்தால் அது என் வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை. பனையைத் தறித்தவர், பிளந்தவர், கல்லுடைத்தவர், சுண்ணாம்பு சுட்டவர், கைமரம் ஏற்றியவர் என்று அந்த வீட்டை எழுப்பிய கைகளில் பல, வீடு முடிந்த பின்னர் உள்ளே வர முடியாத கைகள். தரைப்படம் எசமானின் கட்டளை. கூரைச் சட்டம் அவர்களின் அறிவு. கல்வீட்டுக்குப் பக்கத்திலேயே மண்சுவரும் கிடுகுமாக நின்ற கொட்டிலிலும் மேலே இருந்தது அதே பனங்கைமரம்தான். முற்றம் சிலருக்கு மட்டும் கிடைத்தது, அந்தக் கூரை முறை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. இன்று நாம் கொங்கிறீற்றில் திண்ணையையும் தூணையும் வார்த்து, கூரையைத் தூக்கி எறிகிறபோது, விலக்கி வைத்த ஒழுங்கைக் காப்பாற்றி, விலக்கப்பட்டவர்களின் வேலையை அழிக்கிறோம். உமக்கு நான் சொல்வது இதற்கு நேர் எதிர். தரைப்படத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றும். சமையலறையை முன்னுக்குக் கொண்டு வாரும், யாரும் நேரே உள்ளே வரக்கூடிய வாசலை வையும். கூரையில் மட்டும் கற்றுக்கொள்ளும் பிள்ளையாக இரும்.

கைமரங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அது பழைய வீடுதானா என்று உம்முடைய பேராசிரியர் யாராவது கேட்கக்கூடும். ஜப்பானில் இசே ஆலயத்தை 20 வருஷத்துக்கு ஒருதரம் முழுவதும் புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013இல் கட்டினார்கள்; அதைப் பழசு இல்லையென்று அங்கு எவரும் சொல்வதில்லை, ஏனென்றால் கட்டத் தெரிந்த கை தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. எங்கள் சிக்கல் வேறு: இங்கே அந்தக் கைதான் தொடராமல் போகிறது. நல்லூரில் பருத்தித்துறை வீதியோரம் மந்திரி மனையைப் பாரும். மன்னர் கால மந்திரியின் மனை என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்று கண்ணுக்குத் தெரிகிற வடிவில் ஐரோப்பியச் சாயலும் நம்மவர் மரவேலையும் கலந்து கிடக்கின்றன. அது எந்தக் காலத்துக் கட்டடம் என்ற வாக்குவாதத்தில் செலவான பேச்சில் ஒரு பங்கு, அதன் மரத்துக்கு யார் பொருத்துப் போடுவது என்பதில் செலவாகியிருந்தால் நல்லது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் ஒரு கட்டடத்தைச் சின்னமாகப் பிரகடனம் செய்யும், பலகை நடும். உக்கின நுனியில் துண்டு பொருத்தத் தெரிந்த தச்சரைச் சட்டத்தால் பிரகடனம் செய்ய முடியாது. மானிப்பாயிலும் கரவெட்டியிலும் வேலணையிலும் தனியார் வளவுகளில் எஞ்சி நிற்கிற வீடுகளுக்குப் பெரும்பாலும் பலகைகூட இல்லை.

ஆகவே வரையும். ஆனால் வழக்கமாக யாரும் வரையாததை வரையும். ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட "முழுமையுறாத தோம்பு" என்ற நூலில், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீடுகளை நினைவிலிருந்து தரைப்படமாகக் கீறினார்கள். அந்தக் கீறல்களுக்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞரின் வரைபடங்களும் இருக்கின்றன. எங்கே கிணறு, எங்கே மாமரம், எந்த அறையில் யார் படுத்தார்கள் என்பதெல்லாம் நினைவில் நிற்கிறது. எங்கள் காலத்தின் மிக முக்கியமான வீட்டுப் பதிவு என்று அதை நினைக்கிறேன். ஆனால் தரைப்படம் என்ற வடிவத்துக்குள் கூரை வராது. வீட்டில் வாழ்ந்தவருக்குக் கைமரம் நினைவிருக்கத் தேவையில்லை. அது தெரிந்தவர்கள் தச்சர்கள், அவர்களில் பலருக்கு இப்போது ஏணியில் ஏறுகிற வயது தாண்டிவிட்டது.

அடுத்ததாக ஒரு பழைய வீடு உம் கைக்கு வந்தால், தை பிறந்து மாரி ஓய்ந்த பின்னர் ஓடு கழற்ற நாள் வையும். அன்று மேசனுக்கு முன்னர் மூத்த தச்சர் ஒருவரைக் கூப்பிடும். ஏற முடியாவிட்டால் அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருக்கட்டும். நீர் ஏணியில் ஏறும். உள்மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கைமரத்துக்கும் சோக்கால் எண் போடும். நீளத்தையும், அடிப்பக்கத்து வயிரத்தின் தடிப்பையும், நுனி எவ்வளவு தூரம் உக்கியிருக்கிறது என்பதையும் அளந்து சத்தமாகச் சொல்லும். எது கிடக்கலாம், எதை வெட்ட வேண்டும், எதை உருவ வேண்டும் என்று அவர் கீழேயிருந்து சொல்வதை, அவர் பாவிக்கிற சொல்லிலேயே, எண்ணுக்கு நேரே எழுதிக்கொள்ளும்.

அன்புடன்.